கணவர் டாம்பாவில், நான் எடிசனில்: மாநில வரியில் எந்த ஸ்டேட்டஸ்?

நியூஜெர்சியின் எடிசனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"நானும் என் கணவரும் கிரீன் கார்டு உள்ளவர்கள். 12 வயதில் ஒரு மகன். எனக்கு இங்கேயே வேலை, ஆண்டுச் சம்பளம் 95,000 டாலர். 2024 நவம்பரில் கணவருக்கு ஃப்ளோரிடாவில் டாம்பாவில் 1,50,000 டாலருக்கு வேலை கிடைத்துப் போனார். அங்கே வாடகைக்கு அபார்ட்மென்ட் எடுத்திருக்கிறார். மாதம் ஒரு வார இறுதி வருவார். மகனின் கோடை விடுமுறையில் மூன்று வாரம் இங்கேதான் இருந்தார். எடிசன் வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. அவருடைய லைசென்ஸும் கார் பதிவும் இன்னும் நியூஜெர்சியில்தான். மகன் நடுநிலைப் பள்ளி முடித்ததும் நாங்கள் அங்கே போவதா, அவர் திரும்பி வருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஃபெடரலுக்கு எப்போதும் ஜாயின்டாகத்தான் ஃபைல் செய்வோம். 2025க்கு சாஃப்ட்வேர் நியூஜெர்சியிலும் அதையே எடுத்துக்கொண்டு ஏழாயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேல் கட்டச் சொல்கிறது. சிங்கிள் என்று போடு என்கிறார் அலுவலகத் தோழி. பையன் உன்னோடு இருப்பதால் ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் என்கிறார் இன்னொருவர். மேரீட் ஃபைலிங் செபரேட்லி, அதாவது திருமணமானவர் தனியாக ஃபைல் செய்வதுதான் சரி என்கிறார் மைத்துனர். எது சரி? இன்னொன்று: சான் ஹோசேயில் இருக்கும் என் தம்பிக்கு 2025 டிசம்பரில் மதுரையில் கல்யாணம் ஆயிற்று. மனைவிக்கு இன்னும் விசா வரவில்லை. அவன் இந்த வருடம் சிங்கிள் என்று போடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட மூன்றில் இரண்டை உடனே ஒதுக்கிவிடலாம். டிசம்பர் 31 அன்று திருமணமானவராக இருந்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் நீங்கள் திருமணமானவர்தான். கணவர் ஆயிரம் மைல் தள்ளி இருந்தாலும் சிங்கிள் கிடையாது. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டும், அதாவது குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவருக்கான ஸ்டேட்டஸும், உங்களுக்கு இல்லை. திருமணமான ஒருவர் அதைப் போட வேண்டுமானால் ஃபெடரலில் தனியாக ஃபைல் செய்திருக்க வேண்டும், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவரே ஏற்றிருக்க வேண்டும், ஆண்டின் கடைசி ஆறு மாதம் துணைவர் அந்த வீட்டில் வாழ்ந்திருக்கக் கூடாது. வேலைக்காக வெளியூர் போயிருப்பது போன்ற தற்காலிகப் பிரிவை அந்த ஆறு மாதக் கணக்கில் சேர்க்க முடியாது. நீங்களோ ஃபெடரலில் ஜாயின்ட். முதல் நிபந்தனையிலேயே கதவு மூடிவிடுகிறது. பிள்ளை உங்களோடு வளர்வது மட்டும் இதற்குப் போதாது.

மைத்துனர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபெடரலில் எந்த ஸ்டேட்டஸோ அதையே மாநிலத்திலும் போட வேண்டும் என்பது நியூஜெர்சியின் பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஆண்டு முழுவதும் தம்பதியரில் ஒருவர் நியூஜெர்சிவாசியாகவும் மற்றவர் வெளி மாநிலவாசியாகவும் இருந்தால், ஃபெடரலில் சேர்ந்து ஃபைல் செய்திருந்தாலும், இங்கே வசிப்பவர் மட்டும் மாநில வருமான வரிப் படிவமான என்ஜே-1040ஐத் தனியாக ஃபைல் செய்யலாம். தன் வருமானத்தை மட்டும் காட்டினால் போதும். சேர்ந்து ஃபைல் செய்யவும் அனுமதி உண்டு. ஆனால் அப்போது இருவருமே நியூஜெர்சிவாசிகள் என்று வைத்து இருவர் வருமானத்துக்கும் வரி போடுவார்கள்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். ஜாயின்டாக என்றால் 2,45,000 டாலர் வருமானம். ஆளுக்கு ஆயிரமும் மகனுக்கு ஆயிரத்து ஐந்நூறும் கழித்தால் 2,41,500. அதற்கு வரி 11,341 டாலர். நீங்கள் மட்டும் தனியாக என்றால் உங்கள் கழிவும் மகனுடையதும் போக 92,500. வரி 3,766 டாலர். வித்தியாசம் 7,575 டாலர். உங்கள் சம்பளத்தில் பிடித்த வரி உங்கள் பங்குக்குச் சரியாக இருந்திருக்கிறது. கணவர் சம்பளத்தில் நியூஜெர்சிக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. சாஃப்ட்வேர் கட்டச் சொல்லும் தொகை அங்கிருந்துதான் வருகிறது. வீட்டு வரிக்கான கழிவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது அதிகபட்சம் 15,000 டாலர் வரை உண்டு. ஆனால் இருவர் பெயரில் உள்ள வீட்டுக்குத் தனியாக ஃபைல் செய்யும்போது முழுத் தொகையும் உங்களுக்கே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு பெரிய தொகை நிற்பதால் எந்தப் பெட்டியில் டிக் போட்டால் மிச்சம் என்றுதான் எல்லோரும் யோசிக்கிறார்கள். தோழிகள் சொல்வதும் அதைத்தான். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு. உங்கள் கணவர் 2025 முழுவதும் நியூஜெர்சிவாசி இல்லை என்று சொல்ல முடியுமா? இதற்கு விடை தெரிந்தால் ஸ்டேட்டஸ் தானாக விழுந்துவிடும்.

இங்கேதான் டொமிசைல் வருகிறது. ஒருவருக்கு எத்தனை வீடு இருந்தாலும் டொமிசைல் ஒன்றுதான். எந்த இடத்தைத் தன் நிரந்தர வீடாக நினைக்கிறாரோ, வெளியே போனாலும் எங்கே திரும்பி வருவதாக எண்ணமோ, அதுதான் அது. விடுமுறைக்கோ படிப்புக்கோ அலுவலக வேலைக்கோ போய் இருந்தால் மாறிவிடாது. புது இடத்துக்குப் போக வேண்டும், அதையே நிலையான வீடாக்கிக்கொள்ளும் எண்ணமும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் டொமிசைல் மாறும். மாறிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பும் நம்முடையதே.

உங்கள் கணவர் போய்விட்டார், உண்மை. எண்ணம்? லைசென்ஸ் நியூஜெர்சி, கார் பதிவு நியூஜெர்சி, சொந்த வீடு எடிசன், மனைவியும் மகனும் எடிசன். இவற்றுக்கெல்லாம் மேல் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இன்னும் முடிவு செய்யவில்லை என்று. முடிவு செய்யாதவரின் டொமிசைல் பழைய இடத்திலேயே இருக்கும். டாம்பா வாடகை ஒப்பந்தம் ஒன்றை மட்டும் காட்டி இதைப் புரட்டுவது கடினம்.

டொமிசைல் இங்கே இருந்தாலும் ஒருவரை வெளி மாநிலவாசியாகக் கருத நியூஜெர்சி ஒரு வழி வைத்திருக்கிறது. ஆண்டு முழுவதும் நியூஜெர்சியில் நிரந்தர வீடு வைத்திருக்கக் கூடாது, வெளியே நிரந்தர வீடு வைத்திருக்க வேண்டும், நியூஜெர்சியில் 30 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து நிறைவேற வேண்டும். எடிசன் வீட்டில் அவர் பெயரும் இருக்கிறது. வந்தால் அங்கேதான் தங்குகிறார். மாதம் ஒரு வார இறுதியும் கோடையில் மூன்று வாரமும் கூட்டினால் 30 நாளைத் தாண்டிவிடும். ஆக அந்த வழியும் அவருக்கு இல்லை. 183 நாள் கணக்கு என்று யாராவது சொல்லியிருக்கலாம். டொமிசைல் வேறு மாநிலத்தில் இருந்தும் இங்கே நிரந்தர வீடு வைத்திருப்பவர் ஆண்டில் 183 நாளுக்கு மேல் இங்கே தங்கினால் அவரும் நியூஜெர்சிவாசி என்று சொல்லும் விதி அது. டொமிசைலே இங்கே இருப்பவருக்கு அது உதவாது.

ஆகவே, நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், 2025க்கு உங்கள் கணவர் நியூஜெர்சிவாசிதான். இருவரும் நியூஜெர்சிவாசிகள் என்றால் விலக்கு பொருந்தாது. ஃபெடரல் ஜாயின்ட் என்றால் மாநிலமும் ஜாயின்ட். சாஃப்ட்வேர் போட்டது சரி. இதைச் சொல்ல எனக்கும் வருத்தம்தான். ஒரு குடும்பம் இரண்டு வீட்டுச் செலவு, மாதாமாதம் விமானச் செலவு என்று ஏற்கெனவே இழுத்துப் பிடித்து ஓடும்போது இது பெரிய தொகை. ஃப்ளோரிடாவில் தனிநபர் வருமான வரி கிடையாது என்பதே இங்கே உங்களுக்கு எதிராகத் திரும்புகிறது. அவர் மன்ஹாட்டனில் வேலை பார்த்திருந்தால் நியூயார்க்குக்குக் கட்டிய வரிக்கு நியூஜெர்சி கிரெடிட் (வரித் தள்ளுபடி) கொடுத்திருக்கும். டாம்பாவில் கட்டியது பூஜ்யம் என்பதால் கிரெடிட்டும் பூஜ்யம்.

ஃபெடரலிலும் தனித்தனியாக ஃபைல் செய்துவிட்டு நியூஜெர்சியிலும் தனித்தனியாகப் போடலாமே என்று தோன்றும். சட்டப்படி தாராளமாகச் செய்யலாம். ஆனால் கணவர் நியூஜெர்சிவாசியாக இருக்கும்வரை அவர் வருமானத்துக்கும் இங்கே வரி உண்டு. உங்களுக்கு 3,766, அவருக்கு 7,365, ஆக 11,131. ஜாயின்டை விட 210 டாலர்தான் குறைவு. அதே சமயம் நிலையான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் மட்டும் எடுத்து உங்கள் இருவர் சம்பளத்துக்கும் 2025 ஃபெடரல் வரியைப் பார்த்தால், தனித்தனியாகப் போடுவதில் ஏறக்குறைய 480 டாலர் கூடுதலாகப் போகிறது. பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்புச் செலவுக்கான கிரெடிட் தனியாக ஃபைல் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கைவிட்டுப் போகும். ஓய்வுக்காலச் சேமிப்பான ராத் ஐஆர்ஏவில் போடவும், ஆண்டில் ஒரு நாளாவது சேர்ந்து வாழ்ந்த தம்பதியருக்கு, வருமானம் 10,000 டாலரைத் தொட்டாலே இடமில்லை. மாநிலத்தில் 210 மிச்சம் பிடிக்க ஃபெடரலைக் கலைக்க வேண்டாம்.

என்னிடம் சொல்லாத விவரங்கள் ஏதாவது இருந்தால் படம் மாறலாம். டாம்பாவில் அவர் வீடு வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கலாம். மருத்துவர், வங்கி, கோயில் உறுப்பினர் எல்லாம் அங்கே மாறியிருக்கலாம். டாம்பாவிலேயே நிலைக்கும் முடிவை வெளிப்படுத்தும் பழைய மின்னஞ்சல்கள் இருக்கலாம். இவற்றை உள்ளூர் சிபிஏ (வரிக் கணக்காளர்) ஒருவரிடம் முழுதாக வைத்துக் கேளுங்கள். கணவன் மனைவிக்கு வெவ்வேறு டொமிசைல் இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அந்த விலக்கே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். ஆனால் லைசென்ஸை மாற்றாமல் விட்டது ஒரு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஃப்ளோரிடாவில் குடியேறியவர் 30 நாளுக்குள் அங்கத்திய லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதை எடுக்காத ஒருவர் நான் ஃப்ளோரிடாவாசி என்று நியூஜெர்சியிடம் சொன்னால், எது உண்மை என்று அதிகாரி கேட்பார்.

இனிமேல் அவர் உண்மையிலேயே டாம்பாவில் நிலைக்கப் போகிறார் என்று முடிவு செய்தால், முதலில் வாழ்க்கையை மாற்றுங்கள், பிறகு ரிட்டர்ன் தானே மாறும். லைசென்ஸ், கார் பதிவு, காப்பீடு, வங்கி முகவரி, குடும்ப மருத்துவர் எல்லாவற்றையும் மாற்றட்டும். ஃப்ளோரிடாவில் கவுன்டி நீதிமன்ற கிளார்க் அலுவலகத்தில் டொமிசைல் உறுதிமொழி ஒன்றைப் பதிவு செய்யலாம். அது ஒன்றே சான்று ஆகாது, ஆனால் எந்தத் தேதியில் முடிவெடுத்தார் என்பதற்கு நல்ல ஆவணம். எடிசனில் எத்தனை இரவு தங்கினார் என்று விமானச் சீட்டோடு ஒரு நாட்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். டொமிசைல் மாறிய பிறகும் எடிசன் வீடு இருக்கும்வரை அந்த 183 நாள் விதி அவரைத் தொடும். ஒன்றைக் கவனியுங்கள்: விலக்குக்கு ஆண்டு முழுவதும் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே இருக்க வேண்டும். 2026 நடுவில் மாறினால் 2026க்கு அவர் பகுதியாண்டு நியூஜெர்சிவாசி. முழு விலக்கு 2027க்குத்தான் கிடைக்கும்.

அப்படி ஒரு ஆண்டு வரும்போது, ஃபெடரலுக்கு வழக்கம்போல ஜாயின்ட். நியூஜெர்சிக்காக, ஃபெடரலிலும் தனியாகப் போட்டிருந்தால் உங்கள் எண்கள் என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு மாதிரி ரிட்டர்ன் போட்டுப் பார்த்து அந்த எண்களை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மாதிரியைத் தவறிக்கூட ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பிவிடாதீர்கள். கூட்டு வங்கிக் கணக்கின் வட்டியில் உங்கள் பங்கைக் காட்டுங்கள். சம்பளத்துக்கு, நிறுவனம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2வின் 16ஆம் கட்டத்தைப் பாருங்கள், 1ஆம் கட்டத்தை அல்ல. நீங்கள் வரிக்கு முன், மருத்துவச் செலவு போன்றவற்றுக்கான சேமிப்புக் கணக்குகளான எஃப்எஸ்ஏவிலோ எச்எஸ்ஏவிலோ போடும் பணத்தை நியூஜெர்சி கழிப்பதில்லை. சாஃப்ட்வேர் இதற்கு ஒத்துழைக்கவில்லை என்றால் நியூஜெர்சி வரித்துறையின் சொந்த இணையதளத்திலேயே ஃபைல் செய்யலாம், அல்லது காகிதத்தில் அனுப்பலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்கள் நியூஜெர்சி விதியை அப்படியே வேறு மாநிலத்துக்கு எடுத்துப் போய்விட வேண்டாம். நியூயார்க்கில் ஒருவர் மாநிலவாசி, மற்றவர் வெளியே என்றால் தனித்தனியாக ஃபைல் செய்வதே விதி. இருவரையும் முழு ஆண்டு நியூயார்க்வாசிகளாக வைத்து வரி போடச் சம்மதித்தால் மட்டுமே ஜாயின்ட். டெலவேர், கென்டக்கி, ஆர்கன்சா ஆகிய மாநிலங்களில் ஒரே படிவத்திலேயே இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போடும் ஸ்டேட்டஸ் ஒன்று உண்டு. துணைவர் டெக்ஸஸில் இருந்தால் இன்னொரு சிக்கல். அது கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலம், அதாவது திருமணத்துக்குப் பின் ஒருவர் சம்பாதிப்பதில் பாதி மற்றவருடையது என்று சட்டம் கருதும் ஒன்பது மாநிலங்களில் ஒன்று. வருமான வரி இல்லை என்பதோடு கணக்கு முடிந்துவிடாது. தொழில்முறை ஆலோசனை கட்டாயம்.

அதே கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி சட்டம் உங்கள் தம்பியையும் தொடுகிறது, அதைப் பிறகு சொல்கிறேன். மதுரையில் முறைப்படி நடந்த திருமணம் அமெரிக்க வரிக்கும் திருமணமே. டிசம்பரில் நடந்தது, மனைவி இன்னும் இங்கே காலே வைக்கவில்லை என்றாலும் 2025க்கு தம்பி சிங்கிள் இல்லை. அவர் வரி விதிப்படி ரெசிடென்ட் என்று வைத்துச் சொல்கிறேன். ஃபெடரலில் அவருக்கு இரண்டு வழி. தனியாக, மேரீட் ஃபைலிங் செபரேட்லி. அல்லது மனைவியையும் அந்த ஆண்டுக்கு அமெரிக்க ரெசிடென்ட்டாகக் கருதும்படி இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்து ஜாயின்ட். இரண்டாவதுக்கு மனைவிக்கு டபிள்யூ-7 படிவம் மூலம் ஐடிஐஎன் என்ற வரி அடையாள எண் வாங்க வேண்டும். அந்த ஆண்டில் மனைவி இந்தியாவில் சம்பாதித்த முழு வருமானத்தையும் காட்ட வேண்டும். அவருக்கு வேலை இல்லை என்றால் ஜாயின்டில் நல்ல மிச்சம் இருக்கும். பெரிய சம்பளம் என்றால் இரண்டையும் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

கலிபோர்னியாவும் ஃபெடரல் ஸ்டேட்டஸையே பின்பற்றச் சொல்லும். அங்கேயும் ஒரு விலக்கு உண்டு: ஒருவர் ஆண்டு முழுவதும் வெளியே இருந்து, கலிபோர்னியா மூலமான வருமானம் எதுவும் இல்லாதவர் என்றால் தனியாகப் போடலாம். ஆனால் தம்பியின் டொமிசைல் கலிபோர்னியா என்றால், திருமண நாள் முதல் அவர் சம்பளத்தில் பாதி மனைவியுடையது என்று சட்டம் கருதுகிறது. அப்போது மனைவிக்கும் கலிபோர்னியா வருமானம் வந்துவிடும், விலக்கு போய்விடும். ஃபெடரல் ஜாயின்ட் என்றால் மாநிலத்திலும் ஜாயின்ட், வெளியே வசிப்பவர்களுக்கான 540என்ஆர் படிவத்தில். மனைவியின் இந்தியச் சம்பளத்துக்குக் கலிபோர்னியா நேரடியாக வரி போடாது. வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் சேர்த்துப் பார்க்கும். ஒன்றைத் தம்பியிடம் மறக்காமல் சொல்லுங்கள். தனியாகப் போட்டதை மூன்றாண்டுக்குள் ஜாயின்டாகத் திருத்தலாம். ஜாயின்டாகப் போட்டதைக் கெடு முடிந்த பிறகு தனியாக மாற்ற முடியாது. ஐடிஐஎன் ஆவணங்கள் தயாராகவில்லை என்று அவசரத்தில் தவறான ஸ்டேட்டஸ் போடுவதை விட, 4868 படிவம் கொடுத்து அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்குவது மேல். அவகாசம் ரிட்டர்னுக்குத்தான், வரியை ஏப்ரல் 15க்குள் கட்டிவிட வேண்டும்.

மறுபடி உங்களிடம் வருகிறேன். நீங்களும் ஏப்ரல் 15க்குள் கட்ட முடிந்ததைக் கட்டிவிடுங்கள். நியூஜெர்சியில் கூடுதல் அவகாசம் வேண்டுமானால் மொத்த வரியில் 80 சதவீதமாவது அந்தத் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆண்டு நடுவே முன்பணம் கட்டாததற்காக 2025க்குக் கொஞ்சம் வட்டி வரலாம். என்ஜே-2210 படிவத்தில் அது தெரியும். 2026க்கு இது தொடராமல் இருக்க, கணவர் தன் டாம்பா அலுவலகத்தின் பேரோல் பிரிவில் நியூஜெர்சிக்கு வரி பிடிக்க முடியுமா என்று இந்த வாரமே கேட்கட்டும். சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். மறுத்தால், 400 டாலருக்கு மேல் கடன் நிற்கும் என்று தெரிந்தவர்கள் என்ஜே-1040-இஎஸ் மூலம் காலாண்டுக்கு ஒரு முறை கட்ட வேண்டும். முதல் தவணையும் அதே ஏப்ரல் 15தான். அல்லது உங்கள் அலுவலகத்தில் என்ஜே-டபிள்யூ4 படிவம் கொடுத்து உங்கள் சம்பளத்திலேயே மாதம் 630 டாலர் வாக்கில் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஜாயின்ட் ரிட்டர்ன் என்பதால் யார் சம்பளத்தில் பிடித்தாலும் ஒரே கணக்கில்தான் சேரும்.